அஞ்சம்மாள் விட்ட ஒரு படி

என் ஓரகத்தி அஞ்சம்மாளுக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும். ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூருக்கு ஒரே ஒரு தடவை ஏறினாள். பாதி வழியில் கண்டக்டரே கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்டுவிட்டார். அதோடு சரி. சந்தைக்கும் நடைதான், அம்மா வீட்டுக்கும் நடைதான், திருப்பதி மலைக்கும் நடைதான். ஆம்பிளை உயரம். அவள் ஒரு எட்டு வைத்தால் நான் இரண்டு எட்டு ஓட வேண்டும். எருமையைக்கூட "வாங்க, போங்க, தண்ணி குடிங்க" என்று மரியாதையாகத்தான் ஓட்டுவாள். மனுஷர்களிடம் அந்த அளவுக்குக்கூடப் பேசமாட்டாள்.

எனக்கு வாய் நீளம். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் என் வாயைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது அறுபதாம் வருஷம். ஊத்துக்கோட்டைக்கும் எளாவூருக்கும் நடுவில், ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. மாமனார் கலியன். மூத்த பிள்ளை பூவராகவன், இளையவர் பச்சையப்பன். இளையவர்தான் என் வீட்டுக்காரர். அஞ்சம்மாள் எனக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பெரிய மருமகளாக வந்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசும், அவள் பேசமாட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். புரட்டாசியில், நடவு முடிந்து முதல் களையும் எடுத்த பிறகு, குடும்பத்தோடு மலைக்கு நடந்து போவார்கள். என் மாமனாரின் அப்பா காலத்தில் தொடங்கியது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, சொம்புக்கு நாமம் போட்டு, "கோவிந்தா" சொல்லி ஐந்து வீட்டில் அரிசி வாங்க வேண்டும். குதிர் நிறைய நெல் இருந்தாலும் வழியில் பொங்கித் தின்பது அந்த வாங்கின அரிசிதான். புதுப்பெண்ணான எனக்கு மானம் போயிற்று. எங்கள் அப்பா வீட்டில் நாங்கள் போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை என்று முணுமுணுத்தேன். அஞ்சம்மாள் என் கையில் சொம்பைத் திணித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, முன்னால் தள்ளிவிட்டாள். அவளுடைய ஆறுதல் அவ்வளவுதான்.

நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று மூன்று நாள் நடை. நாலாம் நாள் விடிந்தும் விடியாமலும் அலிபிரியில் ஏற ஆரம்பிப்போம். அந்தக் காட்டுப் பக்கம் இப்போது தேசியப் பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்களாம். எங்களுக்கு அன்றைக்கு அது மலை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் போட்டோ என்று ஒன்றுகூடக் கிடையாது. அதற்குப் பதிலாக மாமனாருக்கு மலை இருந்தது. ஏறிக்கொண்டே ஒவ்வொரு இடமாக நின்று காட்டுவார். இந்தப் பாறையில்தான் அவருடைய அப்பாவின் தலைப்பாகையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று. இந்தத் திருப்பத்தில்தான் பூவராகவன் ஏழு வயதில் தொலைந்துபோய், கடைசியில் யாரோ ஒரு பண்டாரத்தின் தோளில் உட்கார்ந்து தேங்காய் தின்றுகொண்டிருந்தான். வருஷா வருஷம் அதே இடத்தில் அதே கதை, ஒரு வார்த்தை மாறாது. நடந்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கதை அந்தந்தப் படியிலேயே இருக்கும்.

இன்னொரு கட்டளையும் உண்டு. ஏறும்போது வைத்த காலைப் பின்னால் எடுக்கக் கூடாது. துண்டு விழுந்தாலும் சரி, பிள்ளை பின்தங்கினாலும் சரி, நின்ற இடத்தில் நிற்கலாமே தவிர ஒரு படிகூடக் கீழே இறங்கக் கூடாது. மாமனாரின் அப்பா போட்ட சட்டம் அது. மூன்று தலைமுறையில் யாரும் மீறியதில்லை.

அறுபத்து மூன்றில் எனக்குக் குணசுந்தரி பிறந்தாள். பெற்றது நான். வளர்த்தது யார் என்று கேட்டால், என் பால் குடித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அவள் அஞ்சம்மாளின் இடுப்பில்தான் இருந்தாள். நாற்றங்காலுக்குப் போனாலும் முதுகில் கட்டிக்கொண்டு போவாள். பொழுது சாய்ந்து குழந்தையை என்னிடம் கொடுக்கும்போது அந்தக் கை விடவும் விடாது, பிடிக்கவும் பிடிக்காது. நான் சிரிப்பேன், உன் பொண்ணை நானா பிடுங்கிக்கொள்கிறேன் என்று கேலி செய்வேன். கேலிதான், ஆனால் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பிள்ளைக்கு இரண்டு தாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபத்தாறு ஆனி மாசம் குணாவுக்கு ஜுரம் வந்தது. திருவள்ளூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டைபாய்டு என்றார்கள். இரண்டு மாசம் நானும் தூங்கவில்லை, அஞ்சம்மாளும் தூங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஊரிலிருந்து கஞ்சிக்கு நொய்யைச் சுமந்துகொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருவாள். பிள்ளை பிழைத்தது. அப்புறம்தான் சொன்னாள், வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. மலைப்படி மூவாயிரத்தைந்நூற்றுச் சொச்சம். ஒன்று விடாமல் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஏறுவதாக வேண்டுதல்.

அந்தப் புரட்டாசியில் கிளம்பினோம். ஒரு கிலோ மஞ்சளைத் தன் கையாலேயே இடித்திருந்தாள். படிக்குப் படி குனிந்து, மூன்று விரலால் மஞ்சளை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து நிமிர்வாள். மறுபடி குனிவாள். மாமனார் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவளோடு வந்தார். என் வீட்டுக்காரரும் பூவராகவனும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். நான் குணாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். வெயில் ஏறிவிட்டது, மூன்று நாள் நடந்த கால் வேறு. ஒரு நாவல் மரத்து நிழலில், படியோரமாகச் சற்றே உட்கார்ந்தேன். கண் அசந்திருக்கும். எழுந்து பார்த்தபோது என் வலது பாதத்தில் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. யாரோ படியில் வைத்ததை மிதித்துவிட்டேன் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாதி மலைக்குமேல் இருக்கிற காலிகோபுரத்தில் போய்த்தான் மற்றவர்களைப் பிடித்தேன். அஞ்சம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குணாவைப் பார்த்ததும் மஞ்சள் கையை நீட்டினாள், பிள்ளை தாவிற்று.

தை மாசம் ஜுரம் திரும்ப வந்தது.

இந்தத் தடவையும் பிழைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பின்னால் இருந்து நான் கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டேன், அப்போதும் திரும்பவில்லை. டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, ஜுரம் காதைக் கொண்டுபோய்விட்டது, இனி கேட்காது, கவனிக்காவிட்டால் இருக்கிற நாலு பேச்சும் மறந்துபோய்விடும் என்றார். நான் அழவில்லை. எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அஞ்சம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"ஜானகி, அன்னிக்கு மலையில ஒரு படி உட்டுப்போச்சு."

எனக்கு விளங்கவில்லை. எப்படி விட்டுப்போகும் என்று கேட்டேன். ஒரு பொம்பிளை படியில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனசு வரவில்லை என்றாள். நெடுநேரம் நின்று பார்த்தாளாம். மஞ்சள் காய்ந்துகொண்டு வந்தது, மாமாவுக்கும் வெயில் தாங்கவில்லை, அதனால் தாண்டி ஏறிவிட்டேன், ஏறினபிறகு இறங்க முடியாதே என்றாள். யார் அந்தப் பொம்பிளை என்று கேட்டேன். "யாரோ தெலுங்குக்காரி" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே சொல்லமாட்டேன். சொல்ல வாய் கூசுகிறது. ஊர் அவளைப் பற்றிச் சொல்லும் அந்த வார்த்தையையும் சொன்னேன். என் பிள்ளையின் காதைவிட எவளோ ஒருத்தியின் தூக்கம் உனக்குப் பெரிதாகப் போயிற்றா என்று கேட்டேன். பெற்றிருந்தால் தெரியும் என்றேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"இனிமே என் பொண்ண நீ தொடக் கூடாது."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே தனி உலை வைத்தேன். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. காரணத்தை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் நான் பேசினதும் வெளியே வந்துவிடும். ஓரகத்திகள் என்றால் இப்படித்தான் என்று ஆண்கள் மூவரும் நினைத்துக்கொண்டார்கள். மாமனார் இரண்டு அடுப்பிலும் மாறி மாறிச் சாப்பிட்டார். நான் மலைக்குப் போவதை நிறுத்தினேன். மாடு கன்றைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று சாக்குச் சொன்னேன். குணாவையும் அனுப்பவில்லை.

கோபம் ஒரு மாசத்தில் தணியும், இவள் எப்படியும் பிள்ளையைத் தூக்கிவிடுவாள், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். என்னைத் தெரிந்த யாரும் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவள் எடுத்துக்கொண்டாள். குணா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வந்தால் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். முதல் சில மாசம் பிள்ளை அழுதது. அப்புறம் அதுவும் பழகிக்கொண்டது.

ஆனால் பேசினாள். எருமையிடம் தவிர யாரிடமும் பேசாதவள், வேலை முடிந்ததும் களத்தில் நாலடி தள்ளி குணாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். நெல். வைக்கோல். கொக்கு. பிள்ளை அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு திருப்பிச் சொல்லும். தப்பாகச் சொன்னால் அவள் தலையை ஆட்டி மறுபடி சொல்வாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. தச்சூர் ரோட்டில் போகிற லாரியின் நிறத்திலிருந்து எங்கள் வயலில் நிற்கிற களையின் பெயர்வரைக்கும் என் மகள் அவள் உதட்டிலிருந்துதான் கற்றாள். மற்றக் காது கேளாத பிள்ளைகள் ஊமையாய்ப் போகையில் குணா பேசினாள், சத்தமாக, கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் பேசினாள். எல்லாவற்றையும் அடுப்பங்கரை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டால்தான் என்ன என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. என் ரோஷம் விடவில்லை. அந்தத் தெலுங்குக்காரியைத்தான் தினமும் வைதேன். எந்த மூதேவியோ, அவளுக்குத் தூங்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று அடுப்பை ஊதும்போதெல்லாம் திட்டுவேன்.

எழுபத்தைந்தாம் வருஷம் மாமனாருக்கு மூச்சிரைப்பு. அடுத்த வருஷம் ஏற முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. புரட்டாசி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் என் பேத்திக்கு நான் மலையைக் காட்ட வேண்டும், நீயும் கூட வா என்றார். மாடு கன்று என்று ஆரம்பித்தேன். மாட்டைப் பார்க்க ஆள் சொல்லியாயிற்று என்றார். அந்த மனுஷர் என்னிடம் கேட்டதே அது ஒன்றுதான்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒன்றாக நடந்தோம். குணாவுக்குப் பன்னிரண்டு வயது. பெரியம்மா மாதிரியே நெடுநெடுவென்று நடந்தாள். அலிபிரியில் ஏற ஆரம்பித்ததும் மாமனார் கதையைத் தொடங்கினார். காது கேட்காத பேத்திக்காக எதிரே திரும்பி நின்று, கையாலும் முகத்தாலும் சொன்னார். குரங்கு தலைப்பாகையைப் பிடுங்கியதை அவர் நடித்துக் காட்டியபோது வழியில் போனவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்தார், எழுந்ததும் அடுத்த கதை.

செங்குத்தாக ஏறுகிற இடத்தில் குணாவின் கால் வழுக்கிற்று. பின்னால் வந்த அஞ்சம்மாளின் கை சட்டென்று நீண்டது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அந்தக் கை நின்றது. நின்று, என்னை ஒரு பார்வை பார்த்து, மடங்கிற்று. குணா தானே கல்லைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு படி மேலே ஏறிவிட்டேன்.

அங்கேதான் அந்த நாவல் மரம். அஞ்சம்மாள் ஒரு படியில் நின்று, மடியிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தாள். மஞ்சளைக் குழைத்து அந்த ஒரு படிக்கு மட்டும் பூசினாள். வருஷா வருஷம் அண்ணி இந்தப் படிக்கு மட்டும் வைப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இதுதானா அந்தப் படி, இங்கேதானா அந்த மூதேவி கால் நீட்டிக்கொண்டு கிடந்தாள் என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் மாமனார் அந்தப் படிக்கு ஏறி வந்து, கைத்தடியால் அதைத் தட்டி, பேத்தியைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்தார். பிறகு கைத்தடியை நீட்டி என்னைக் காட்டினார்.

"உங்கம்மா இங்கதான் தூங்கினா. நீ மடியில. எழுப்பும்மா, படிக்கு வெக்கணுமேன்னு நான் சொன்னேன். உங்க பெரிம்மா கேக்கல. 'ரெண்டு மாசமா கண்ண மூடல மாமா, தூங்கட்டும்'னா. எம்மா நாழி நின்னுக்கினு இருந்தா தெரியுமா? அப்பால அந்தப் படிக்கு வெக்க வேண்டிய மஞ்சள உங்கம்மா கால்ல வெச்சுட்டுப் போனா."

மூத்தவள், இளையவள் காலில். நான் என் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தின மஞ்சளை அதில் தேடினேன் போலிருக்கிறது.

மாமனார் தன் கதை முடிந்த திருப்தியில் ஏறிப் போய்விட்டார், ஆண்களும் கூடவே போனார்கள். அஞ்சம்மாள் டப்பாவை மூடத் தெரியாதவள் மாதிரி மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். நாலு படி கீழே அவள், அவள் பக்கத்தில் குணா. மேலே நின்றபடியே கேட்டேன்.

"ஏன்க்கா தெலுங்குக்காரின்னு சொன்ன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சொல்லாம வெச்சுக்கினு இருந்தா எனக்குச் சோறு எறங்கல, ஜானகி. முழுசா சொன்னா உனக்கு எறங்காது. அதான் பாதி சொன்னேன்."

நான் இறங்கினேன். ஒரு படி, இரண்டு படி, மூன்று, நாலு. அந்தக் குடும்பத்தில் வைத்த காலைப் பின்னால் எடுத்தவள் நான்தான். மேலே மாமனார் திரும்பிப் பார்த்தார், நான் இறங்குவதைப் பார்த்தார், மறுபக்கம் திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் படியிலேயே, ஈர மஞ்சளுக்குப் பக்கத்தில், அஞ்சம்மாளின் காலருகே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. என் வாயால் ஒன்பது வருஷம் நான் வைதது என்னைத்தான். அதைக் கேட்டுக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சோறு வடித்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை, எப்போதும் தெரிந்ததில்லை. குணாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அஞ்சம்மாளின் கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் போயிற்று. அதையும் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்து, அதில் பிள்ளையின் கையை வைத்து, என் இரண்டு கையாலும் சேர்த்து மூடினேன். அவளுடைய விரல்கள் முதலில் விறைத்துக்கொண்டு நின்றன. பிறகு மெதுவாக மடங்கின.

குணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வழியெல்லாம் கேட்கிற மாதிரி, இழுத்து இழுத்துக் கேட்டாள்.

"ஏம்மா அழுவுற?"

அவள் என் உதட்டைப் பார்க்கும்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு நான் சொன்னேன்.

"உங்க பெரிம்மாவக் கேளு."

அஞ்சம்மாள் பிடித்த கையை விடவில்லை. குணாவின் மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாகிவிட்டது.